இரண்டாவது யார்?

சாதனையாளர்களின் கதைகளை என் மகளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் கேட்ட பிறகும் மனதை உறுத்திக்கொண்டே இருப்பது ஹாட்டி மெக்டேனியலின் கதைதான்.

ஆஸ்கர் விருது வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அவருடைய பெற்றோர் இருவரும் அமெரிக்காவில் அடிமைகளாகப் பிறந்தவர்கள். 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்ததற்காக 1940-ல் அவருக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது.

1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்தபோது ஹாட்டியால் போக முடியவில்லை. கறுப்பினத்தவர் வெள்ளையரோடு சேர்ந்து உட்கார அங்கே இருந்த நிறவெறிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆஸ்கர் விழா நடந்த லாஸ் ஏஞ்சலீஸ் ஓட்டலிலும் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. தயாரிப்பாளர் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே ஹாட்டியை உள்ளே விட்டார்கள். அப்போதும் படக்குழுவினரோடு இல்லை. சுவரோரமாகத் தனி மேஜை. பெயரை அறிவித்ததும் அங்கிருந்து எழுந்து வந்துதான் விருதை வாங்கினார்.

இதைக் கேட்ட என் மகள், "சரிம்மா, அடுத்து ஆஸ்கர் வாங்கின கறுப்பின நடிகை யார்?" என்றாள்.

ஹூப்பி கோல்ட்பெர்க். 'கோஸ்ட்' படத்துக்காக, 1991-ல்.

"51 வருஷமா! நடுவுல நல்லா நடிக்கிறவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

இருந்தார்கள். நல்ல வேடங்கள்தான் அவர்களைத் தேடி வரவில்லை. ஹாட்டியையே, "எப்போதும் வேலைக்காரி வேடம்தானா?" என்று கறுப்பின மக்களில் சிலர் குறை சொன்னார்கள். வேறு வேடம் கொடுக்கத்தான் ஹாலிவுட்டில் ஆள் இல்லை. சிறந்த நடிகை விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2002 வரை ஆனது. அவர் ஹாலி பெர்ரி.

மகள் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. முதலாவதாக வந்தவரைப் பார்த்தால் அவருடைய திறமை தெரியும். இரண்டாமவர் வர எத்தனை வருடம் ஆனது என்று பார்த்தால், அந்தத் துறையின் மனசு தெரியும். ஒருவருக்கு விருது கொடுத்துவிட்டு, 'நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லை' என்று சொல்லிக்கொள்வது சுலபம்.

1952-ல் ஹாட்டி இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுத்துவிட்டார்கள். 1999-ல்தான் அங்கே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் சாதனையாளர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே இரண்டாவது யார், எத்தனை வருடம் கழித்து வந்தார் என்பதையும் சொல்லுங்கள்.