ஒரே கல், பல பிழைப்பு

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம். ஆற்றோரம் நெல் வயல். வடக்கே அரியலூர்ப் பக்கம் போகப் போக மண்ணின் குணமே மாறிவிடும்: சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, கல் ஏற்றிய லாரிகள். அந்த வழியில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வந்த மாணவி ஒருவர், மேற்படிப்பாக வணிக மேலாண்மை பயில ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகருக்குப் போனார்.

அது ஆடி கார் ஆலையின் ஊர். வகுப்பில் பேச்செல்லாம் பெரிய கம்பெனிகளைப் பற்றித்தான். அவருக்கோ சின்னத் தொழில்கள் மீது கண். விடுமுறை நாளில் ரயிலேறி, ஆல்ட்முயல் ஆற்றங்கரையில் உள்ள ஐக்‌ஷ்டெட் நகரில் இறங்கினார். அதுவும் சுண்ணாம்புக்கல் பூமி.

ஊரை அடுத்த ப்ளூமன்பெர்க்கில், யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் புதைபடிவம் தேடக்கூடிய ஒரு கல்குவாரி இருக்கிறது. சுத்தியலும் உளியும் வாடகைக்குக் கிடைக்கும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான கடற்கழியில் படிந்த நுண்ணிய சுண்ணாம்புச் சேறு அங்கே கல்லாகியிருக்கிறது. உளியை வைத்துத் தட்டினால் புத்தகத் தாள்போலப் பிரிகிறது. குடும்பம் குடும்பமாக மக்கள் வெயிலில் உட்கார்ந்து உடைக்கிறார்கள். அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் படிவம் ஒன்று கிடைத்தால் குழந்தைகள் துள்ளுகிறார்கள். பார்வைக்குக் கல் குவியல்தான். அதை உடைக்கக் காசு கொடுத்து ஆள் வருகிறது!

இதே ப்ளூமன்பெர்க்கில்தான் 1870களில், ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்னும் ஆதிப் பறவையின் முழுமையான படிவம் கிடைத்தது. கண்டெடுத்தவர் ஒரு பசுமாடு வாங்குவதற்காக அதை விற்றுவிட்டதாகச் சொல்வார்கள். கை மாறிக் கை மாறி, கடைசியில் தொழிலதிபர் வெர்னர் ஃபான் சீமென்ஸ் 20,000 மார்க் கொடுத்து வாங்கினார். இன்று அது பெர்லின் அருங்காட்சியகத்தின் பெருமை.

படிவம் மட்டுமா? மெல்லிய பலகைகள் கூரைக்குப் போயின. தடித்தவை தளக்கல்லாகின்றன. 1796இல் அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்ததும் பக்கத்துச் சோல்ன்ஹோஃபன் கல்லை வைத்துத்தான். அந்தக் கல்லச்சு முறையில்தான் 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் நம் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. ஐக்‌ஷ்டெட்டில் கோட்டைக்குள் ஓர் அருங்காட்சியகம். வருகிறவர்களுக்குத் தங்கும் விடுதி, உணவகம், நினைவுப்பொருள் கடை. ஒரே கல்லை நம்பி எத்தனை குடும்பங்கள் என்று அந்த மாணவி வியந்தார்.

வியப்போடு ஆதங்கமும் வந்தது. அரியலூர்க் கல்லிலும் அம்மோனைட் உண்டு, சிப்பி உண்டு, சுறாப்பல் உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேசியஸ் காலத்தில் கடல் நின்ற நிலம் இது. இங்குக் கிடைத்த அம்மோனைட்டுகளை 1860களிலேயே ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா ஆராய்ந்து நூலாக்கினார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். அரியலூருக்கு அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. வெளியூர்ப் புவியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு இதனால் கிடைக்கும் பிழைப்பு மிகக் குறைவு. கல்லின் பெரும்பகுதி சிமெண்ட் உலைக்கே போகிறது.

படிவங்களை அள்ளி விற்கச் சொல்லவில்லை. அவை பாதுகாக்கப்பட வேண்டியவை. வெட்டி முடித்த சுரங்கப் பள்ளம் ஒன்றையாவது சிமெண்ட் ஆலைகளும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து பார்வையிடமாக ஒதுக்கலாம். சுற்றுவட்டார இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றலாம். நந்தி கல்யாணம் பார்க்க வருகிறவர்களை வாரணவாசிக்கும் சாத்தனூருக்கும் அழைத்துச் செல்ல ஒரு பஸ் விடலாம். அதற்கான வேலையை இந்தப் பங்குனிக்கே தொடங்க வேண்டும்.