அடுப்புக்கு ஒரு பிரிமணை!

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற பொண்ணு ‘ராக்கெட் விடப்போறேன்’னு சொன்னாக்கூட ஊர் நம்பும். ‘அடுப்புக்கு அடியில வைக்க ஒரு தட்டு செய்யப்போறேன்’னு சொன்னா..? எங்க ஹாஸ்டலே விழுந்து விழுந்து சிரிச்சது. ‘‘ஏன்டி, பாத்திரக் கடையில போய்க் கேட்டா 30 ரூபாய்க்குத் தருவாங்க. இதுக்கு நாலு வருஷம் இன்ஜினீயரிங்கா?’’ என்று கலாய்த்தாள் ரூம்மேட். அந்தத் தட்டு ஏன் தேவைப்பட்டதுன்னு நான் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. அதான் மேட்டர்.

போன வருஷம் மார்ச். செமஸ்டர் லீவ் மாதிரி மூணு நாள் கிடைத்ததும் ஆறு பேர் கிளம்பிவிட்டோம். ஃப்ரெண்டோட சித்தப்பாவுக்கு தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்ன காப்பித் தோட்டம். அங்கே டென்ட் அடிக்க பர்மிஷன் வாங்கியாச்சு. (காப்புக்காட்டுக்குள்ள போய் அடுப்பு மூட்டுறதெல்லாம் குற்றம் மக்களே. 1882-லிருந்தே சட்டம் இருக்கு!) டீ போடுகிற பொறுப்பு என்னுடையது. காரணம், என்கிட்ட ஒரு மடக்கு ஸ்டவ் இருந்தது. மடக்கினால் சட்டை பாக்கெட்டில் அடங்கிவிடும். உள்ளே ஹெக்ஸமின் வில்லையை வைத்துக் கொளுத்தினால், நீல நிறத்தில் நின்று எரியும். 1936-ல் ஜெர்மனியில் எரிக் ஷூம் என்பவர் கொண்டுவந்த சரக்கு. கேஸ் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். டென்ட்டுக்கு உள்ளே மட்டும் பத்தவைக்கக் கூடாது. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

எல்லாம் தெரிந்த மாதிரிதான் பத்தவைத்தேன். வெட்டவெளி, காத்து இல்லை, பக்கத்தில் தண்ணி பாட்டில். டீயும் சூப்பர். ஸ்டவ் ஆறியதும் எடுத்தால், கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். ‘அவ்ளோதானே’ என்று பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணியை அதன்மேல் ஊற்றிவிட்டு, போட்டோ எடுக்கப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். ஏதோ கருகுகிற வாசனை. திரும்பிப் பார்த்தால், ஸ்டவ் இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, நூல் மாதிரி புகை. தீ எங்கேயும் இல்லை! சில்வர் ஓக் மரத்தடி அது. வருஷக்கணக்காக விழுந்த சருகு, மெத்தை மாதிரி கிடக்கும். அந்த மெத்தைக்கு அடியிலேயே கனல் ஊர்ந்து போயிருக்கிறது. எனக்குக் கை காலெல்லாம் உதறிடுச்சு. தோட்டத்து வாட்ச்மேன் தாத்தா மண்வெட்டியோடு ஓடிவந்தார். பச்சை மண் தெரிகிறவரை வெட்டினார். ரெண்டு குடம் தண்ணி ஊற்றினார். அப்புறம் மண்ணில் கையை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். திட்டவே இல்லை.

‘‘மேல அணைஞ்சிருச்சுன்னு நீங்க போயிருவீங்க பாப்பா. உள்ள ரெண்டு நாள்கூடக் கெடந்து புகையும்’’ என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 2018 மார்ச் 11. குரங்கணி. நான் அப்போ எட்டாம் வகுப்பு. மலையேறப் போன அக்கா, அண்ணன்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் சிக்கி இறந்துபோனார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா டி.வி. முன்னால் அப்படியே நின்றது ஞாபகம் இருக்கு. அந்தத் தீக்கும் என் குட்டி ஸ்டவ்வுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனா, அதுவும் மார்ச் மாசம், அதுவும் மலைச்சரிவு. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே இருக்கிற புல்லை, தொடுவதற்கு முன்னாடியே அனல் காயவைத்துவிடும். டென்ட்டுகள் எல்லாம் ஸ்டவ்வுக்கு மேற்பக்கம்தான் இருந்தன.

ஊருக்கு வந்து வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால், ஸ்டவ்வுக்கு அடியில் ஏதாவது வைத்தே ஆகணும் என்று மட்டும் முடிவு பண்ணினேன். கண்டிஷன் ரெண்டே ரெண்டு. அடியில் சூடு இறங்கக் கூடாது. முதுகுப் பையில் கனம் ஏறக் கூடாது.

அப்புறம் வாங்கினேன் பாருங்க... வரிசையாகப் பல்பு!

முதலில் தரைக்குப் போடுகிற டைல்ஸ். சூட்டைத் தாங்கியது. ஆனால், ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் ஒன்றரை கிலோ! போதாதக்குறைக்கு ரெண்டாம் தடவை சூடேறியபோது ‘டப்’பென்று விரிசல். அடுத்து, அட்டையில் சமையலறை ஃபாயிலைச் சுற்றினேன். பார்க்க வெள்ளித்தட்டு மாதிரி பளபளா. பிரித்தால் உள்ளே அட்டை பழுப்பேறி, புகைய ரெடியாக இருந்தது. ‘‘ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டில் ஒரு துண்டு வெட்டிக்கோ’’ என்றான் கிளாஸ்மேட் ஒருத்தன். லேப் சார் அலறிவிட்டார். அதை வெட்டினால் பறக்கிற தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும், புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும் என்று அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார்.

லீவில் சிவகாசிக்குப் போயிருந்தேன். எங்க ஊர், எங்க வீடு. அப்பத்தா சோற்றுப் பானையை இறக்கி, வழக்கம்போல பிரிமணை மேல் வைத்தது. வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்த வளையம்தான். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பானை உருளாமல் இருக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என்னவோ தோன்ற, பானையைத் தூக்கிவிட்டு நடுவில் தரையைத் தொட்டுப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க இறக்கின பானைக்கு அடியில், தரையில் சூடே ஏறலை!

‘‘என்னத்தடி தடவுற, கூறுகெட்டவளே?’’ என்றது அப்பத்தா.

‘‘காத்து, அப்பத்தா... காத்து!’’

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எழுதி மார்க்கும் வாங்கின விஷயம்தான். அலுமினியம் சூட்டைக் கடத்துவது காற்றைப் போல சுமார் 9,000 மடங்கு. அதாவது, ஆடாமல் நிற்கிற காற்று அவ்வளவு மந்தம். சூடு மேலேயும் குளிர்ச்சி கீழேயும் இருந்தால், நடுவில் இருக்கிற காற்று புரளவும் புரளாது. சூடான காற்று மேலேயே தங்கிவிடும். நான் தடிமனாக எதையாவது தேடிக்கொண்டிருந்தேன். எனக்குத் தேவைப்பட்டதோ ஒரு சின்ன இடைவெளி!

ஆனால், வைக்கோலை அடுப்புக்கு அடியில் வைக்க முடியாதே. மெல்லிசாக, எரியாத ஒரு தகடு வேணும். அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர். அச்சடித்து முடிந்த அலுமினியம் பிளேட் அங்கே கட்டுக்கட்டாகப் பழைய விலைக்குப் போகும். கேட்டேன். ‘‘எதுக்கும்மா?’’ என்றார். ‘சும்மா ப்ராஜெக்ட்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னமோ தெரியலை, தாண்டிக்குடிக் கதை மொத்தமும் வந்துவிட்டது. அப்பா ஒண்ணும் பேசவில்லை. எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். ‘இனிமே டூர் கட்’ என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம், சைக்கிள் கேரியரில் நாலு பிளேட்டைச் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்தார். ‘‘ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கிட்டு வெட்டு’’ என்றார்.

செய்முறை இதுதான். 0.3 மி.மீ. தகடு. மையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, அதன் மேல் இருக்கும் பூச்சை எமரித் தாளால் தண்ணி விட்டுத் தேய்த்தேன். அது சூட்டில் புகையக் கூடாதே! 21 செ.மீ. சதுரமாக ரெண்டு துண்டு. ஓரங்களை அரை செ.மீ. உள்பக்கம் மடித்து, மரச்சுத்தியலால் தட்டினேன். கையும் கிழியாது, தகடும் விறைப்பாக நிற்கும். முதல் வருஷ ஷீட் மெட்டல் வொர்க்ஷாப்பில் தூங்காமல் இருந்ததன் பலன். ரெண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு செ.மீ. இடைவெளி விட, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் கடையில் பீங்கான் மணி வாங்கினேன். காயில் கம்பியில் கோத்திருப்பார்களே, அதேதான். மூலைக்கு ரெண்டு, தகடு தொய்யாமல் இருக்க நடுவில் ரெண்டு. மெல்லிய கம்பியால் கட்டியாச்சு.

டெஸ்ட் பண்ண தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். மெழுகுவத்தியைத் துருவி மொட்டைமாடித் தரையில் பரப்பினேன். மெழுகு கிட்டத்தட்ட 60 டிகிரியில் உருகும். ஒற்றைத் தகடு வைத்தபோது, மொத்தமும் குளம். ரெட்டைத் தகடு வைத்தபோது எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் ஒரு ரூபாய் காசு அளவுக்கு உருகியிருந்தது. நடுவில் வைத்த மணி வழியாகத்தான் சூடு இறங்கியிருக்கிறது! அதைப் பிடுங்கி, நெருப்புக்கு நேர் கீழே வராதபடி தள்ளித் தள்ளி நாலு இடத்தில் வைத்தேன். அடுத்த டெஸ்ட்டில் ஒரு துருவல்கூட உருகலை. கெமிஸ்ட்ரி லேப் தராசில் வைத்துப் பார்த்தால், மொத்தமே 82 கிராம்.

இந்த ஜனவரியில் மறுபடியும் தாண்டிக்குடி. தாத்தாவிடம் தட்டைக் காட்டினேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்குமாறு எடுத்துவந்து மண் தெரிகிறவரை சருகைப் பெருக்கினார். ‘‘இப்ப வை’’ என்றார். டீ கொதித்து இறங்கியதும் ஸ்டவ்வை எடுத்து ஓரமாக வைத்தேன். தட்டைத் தூக்கியதும் தாத்தா முந்திக்கொண்டு மண்ணில் உள்ளங்கையை வைத்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

‘‘ஜில்லுன்னு கெடக்கு பாப்பா!’’

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அவரோ போய் ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து, அந்த ஜில்லென்ற மண்ணிலேயே ஊற்றினார். ‘‘அதான் சூடே இல்லையே தாத்தா?’’ என்றேன்.

‘‘இருக்கட்டும்’’ என்றார்.

இப்போ என் பையில் ரெண்டுமே இருக்கு. 82 கிராமில் ஒரு தட்டு. டீக்கு இல்லாமல், தரைக்கென்றே தனியாக ஒரு லிட்டர் தண்ணி. ‘கனம் ஏறக் கூடாது’ங்கிற என் ரெண்டாவது கண்டிஷன் அவுட். பரவாயில்லை, இருக்கட்டும்!