மூக்குக்கு ஒரு பாடம்



மகள் வீட்டுக்கு ஸ்ட்ராஸ்பர்க் வந்து ஒரு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை கோல்மார் பக்கத்துக் கிராமத்தில் ஒயின் தயாரிக்கும் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கெமிஸ்ட்ரி வாத்தியார் கெட்டுப்போய்விட்டார் என்று குடும்பக் குரூப்பில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே முக்கால்வாசி வேலை முகர்ந்து பார்ப்பதுதான். வாயில் வைத்தாலும் துப்புவதற்குப் பாத்திரம் உண்டு. நான் துப்பினேன். மாப்பிள்ளை துப்பவில்லை. வண்டி ஓட்டியது மகள்.

அல்சாஸ் பகுதி, மணமுள்ள வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. முதலில் மஸ்கட் திராட்சையில் செய்தது. இனிப்பே இல்லை, ஆனால் திராட்சைக் கொத்தையே மூக்கில் வைத்த மாதிரி வாசம். அதில் லினலூல் இருக்கிறது. நம் வீட்டுக் கொத்தமல்லி விதையின் மணமும் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது நாள்பட்ட ரீஸ்லிங். முகர்ந்ததும் ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வந்தது. சாட்சாத் மண்ணெண்ணெய்! தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றார். பழத்திலுள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து, புட்டியில் வருடக்கணக்காக இருக்கும்போது டி.டி.என். என்ற பொருள் உண்டாகிறது. வெயில் அதிகம் பட்ட பழமென்றால் அதிகமாக வரும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1984-ல் ஒயின் மணங்களுக்கு ஒரு சக்கர அட்டவணை வெளியிட்டார். 'அருமை', 'நேர்த்தி' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. எலுமிச்சையா, மிளகா, ஈர மண்ணா என்று பொருளைச் சொல்ல வேண்டும். பரீட்சைத் தாளில் நான் உங்களிடம் கேட்டதும் இதைத்தானே!

கடைசியில் கெவுர்ஸ்ட்ராமினர். 'கெவுர்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் மசாலா. பழத்தின் தோல் இளஞ்சிவப்பு, ஒயின் மட்டும் பொன்னிறம். லிச்சிப் பழமும் ரோஜாவும் சேர்ந்த வாசம். ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே பொருள் லிச்சியிலும் இதிலும் இருப்பதே காரணம்.

உங்கள் டீச்சரம்மாவுக்கு 2021-ல் கொரோனா வந்தபோது போன மோப்பம் சரியாகத் திரும்பவேயில்லை என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். பால் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. ஊரில் ஒருமுறை பக்கத்து வீட்டம்மாள் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அன்றிலிருந்து அவளைத் தனியாக விட்டுப்போக எனக்குப் பயம்.

முதல் இரண்டு கிளாஸிலும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதை முகர்ந்து, மறுபடி முகர்ந்து, "என்னங்க, கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி ஏதோ வருது" என்றாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-ல் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலை மாலை, 12 வாரம் முகர்வது. எல்லோருக்கும் பலிக்காது; சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஈ.என்.டி. டாக்டரிடம் கேட்டுவிட்டு ஞாயிறு முதல் தொடங்கியிருக்கிறோம். ரோஜா லேசாகத் தெரிகிறது, கிராம்பு இன்னும் இல்லை. கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை ஊர் வீட்டில் மாட்டித் தர யாராவது முடிந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் வந்துவிடுவோம்.