சறுக்குப் பலகையும் சகோதரக் கழுதையும்

சென்ற கோடை விடுமுறையில், காலைத் திருப்பலி முடிந்த கையோடு ஆலய முற்றத்தில் ‘கடகட’வென்று ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது. நெல்லும் மக்காச்சோளமும் உலர்த்துவதற்கென எங்கள் பங்கு மக்கள் தம் உழைப்பால் போட்ட சிமெண்ட் களம் அது. கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓடிக் குழிவிழுந்த ரிஷிவந்தியம் பகுதிச் சாலைகளைக் கண்டவர்களுக்கு அக்களத்தின் வழவழப்பு ஓர் அதிசயம்தான். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வயது மகன், விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவன், யாரோ கொடுத்த பழைய ஸ்கேட்போர்டில் நின்று சுற்றிக்கொண்டிருந்தான். அவனை அதட்டி அனுப்பவே நான் வெளியே வந்தேன்.

என் நிலையை மறைப்பானேன்? வயது 56. அன்று எடை 91 கிலோ. என் தந்தை நீரிழிவால் ஒரு காலை இழந்து, பின் இரண்டே ஆண்டுகளில் எங்களைப் பிரிந்தார். எனக்கும் அந்நோய் தொடங்கிவிட்டதாகக் கூறிய மருத்துவர், தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன், தவக்காலத்தில் மட்டும்! நடையை ஓர் ஒறுத்தலாகவே மேற்கொண்டதால், உயிர்ப்பு ஞாயிறோடு ஒறுத்தலும் முடிந்தது. குறைந்த எடையும் உயிர்த்தெழுந்தது. மூன்று ஆண்டுகள் இதே கதை. உடல் அடக்கப்பட வேண்டியது என்றே குருமடத்தில் பயின்றோம். மாலைதோறும் கைப்பந்து ஆடினோம். ஆனால் அதை எவரும் இறையியலில் சேர்க்கவில்லை.

"ஃபாதர், நீங்களும் ஏறிப் பாருங்க" என்று சிறுவன் பலகையை என் பக்கம் தள்ளினான்.

"டேய், சாமிகிட்ட என்னடா விளையாட்டு?" என்று பாட்டி பதறினார். அந்தச் சொல்லே என்னை உசுப்பியது போலும். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். நின்றது நான்கு விநாடிதான். அதற்குள் தொடையும் வயிறும் கணுக்காலும், தாம் இருப்பதையே நான் மறந்திருந்த தசைகளெல்லாம், விழித்துக்கொண்டன.

1950களில் கலிபோர்னியாவில், கடலில் அலையில்லாத நாட்களில் தரையிலேயே அலைச்சறுக்கு ஆட விரும்பியோர் பலகைக்குச் சக்கரம் பூட்டியதிலிருந்து வளர்ந்தது இவ்விளையாட்டு. நம் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி இப்பலகையில் ஏறிய கதை, ‘கமலி’ என்ற குறும்படமாகி 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை பெற்றது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றபோது, 13 வயது ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியா தங்கம் வென்றார். இவர்களுள் எவரும் எடை குறைக்கப் பலகையேறியவர் அல்லர் என்பதை நான் கவனிக்கத் தவறவில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் எடையுள்ளவர் அரைமணி நேரம் மிதமாகப் பலகை ஓட்டினால் ஏறத்தாழ 230 கலோரி செலவாகும். சாதாரண நடையைவிட இது அதிகம். ஆனால் ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் உழைத்தால்தான் ஒரு கிலோ! வீடு சந்திக்கச் செல்கையில் மூன்று வீடுகளில் சர்க்கரைத் தேநீரும் முறுக்கும் வாங்கிக்கொண்டால், அன்றைய உழைப்பு அங்கேயே கரைந்துவிடும். ஆகவே தேநீரில் சர்க்கரையை விட்டேன், பாட்டிமார்கள் வருந்தினர்.

மூன்றாம் வாரம் விழுந்தேன். கையூன்றி விழுவதால் இவ்விளையாட்டில் மணிக்கட்டுதான் பெரும்பாலும் முறியும். எனக்குச் சுளுக்கோடு போயிற்று. காப்புறை அணியாதது என் குற்றமே. மறுநாள் திருப்பலியில் கிண்ணத்தை உயர்த்துகையில் கை நடுங்கியது. அன்பியப் பொறுப்பாளர் ஒருவர், "சாமி, உங்களுக்கு இது தேவையா?" என்றார். நியாயமான கேள்வி.

அன்றிரவு புனித பிரான்சிஸ் அசிசியாரை நினைத்தேன். தம் உடலைச் ‘சகோதரக் கழுதை’ என்று அழைத்தவர் அவர். அதனிடம் தாம் மிகக் கடுமையாக நடந்துகொண்டதற்காக இறுதி நாட்களில் மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல்வார்கள். முதற்பாதி எனக்குக் குருமடத்திலிருந்தே மனப்பாடம். பிற்பாதி அன்றுதான் உறைத்தது.

மே இறுதியில் சிறுவன் ஊர் திரும்பினான். பலகையை எனக்கே விட்டுச் சென்றான். இப்போது எடை 87 கிலோ. சர்க்கரையை விட்டதே காரணம் என்கிறார் மருத்துவர், இருக்கலாம். கிளைப்பங்குக்கு மாலையில் நடந்தே போகிறேன், தவக்காலம் முடிந்த பின்னும். காலையில் காப்புறை அணிந்து, சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு பலகையில் நிற்கிறேன். நேற்றுக் கம்பியை விட்டுவிட்டுக் களத்தின் பாதிவரை சென்றேன். பாட்டி மக்காச்சோளத்தைக் கிளறியபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் வரும் வழியிலிருந்த சோளத்தை மட்டும் துடைப்பத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டார்.