மூடி வரை பெட்ரோல்

தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையிலுள்ள புதுக்கோட்டை. காலையில் மூடி முட்டப் பெட்ரோல் போட்ட பைக், நாளெல்லாம் உப்பள வெயிலில் நின்றது. மாலையில் அதை வீட்டுக்குள் ஏற்றினார்.

"ஏங்க, பெட்ரோல் வாடை அடிக்கு!"

"வெயிலுக்கு அப்படித்தான்" என்றார் அலட்சியமாக.

பத்து லிட்டர் பெட்ரோல், பத்து டிகிரி சூடேறினால் சுமார் 100 மில்லி பெருகும். டேங்கில் இடமில்லாவிட்டால் மூடி வழியே கசியும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அங்கேதான் குத்துவிளக்கு.

மனைவி கையிலெடுத்த தீப்பெட்டியை வைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்தார். அவர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதிதாக மாட்டிய மெக்கானிக், "கழுத்து வரை ரொப்பாதீங்க அண்ணாச்சி" என்றார்.

இப்போது பைக்குக்கு வேப்பமரத்தடிதான். மனைவி மட்டும் இன்னும் மோந்து பார்த்துவிட்டே தீக்குச்சி உரசுகிறார்.