வேகமான வேலையாள்

கணினி விளையாட்டில் என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு தகவல். 2005-ல் 'சிவிலைசேஷன் 4' என்ற வியூக விளையாட்டு வெளிவந்தது. அதில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு சிறப்பு யூனிட்டும் உண்டு. ரோமுக்குப் பிரிட்டோரியன் வீரன், ஜப்பானுக்கு சாமுராய், ஜெர்மனிக்கு பான்சர் டாங்கி. இந்தியாவுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? 'ஃபாஸ்ட் ஒர்க்கர்'. அதாவது, வேகமான வேலையாள்.

மற்ற நாட்டு வேலையாள் ஒரு சுற்றில் இரண்டு கட்டம் நகர்வான். இந்திய வேலையாள் மூன்று கட்டம் நகர்வான். வயல் திருத்துவான், சாலை போடுவான், சுரங்கம் வெட்டுவான். சாமுராய்க்கும் பிரிட்டோரியனுக்கும் வரலாற்றுப் பெயர் இருக்கிறது. இவனுக்கு அது கிடையாது. யார் இவன், எந்தத் தெருவிலிருந்து வருகிறான், ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்று விளையாட்டு சொல்வதில்லை. நமக்குத் தெரியும்.

அதே விளையாட்டில் உழைப்பை ஒழுங்குபடுத்தும் கொள்கைகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அடிமைமுறை, பண்ணையடிமை முறை, சாதி அமைப்பு, விடுதலை என்று போகும். 'சட்டத் தொகுப்பு' என்ற அறிவைக் கண்டுபிடித்தால் சாதி அமைப்பு திறக்கும். எந்த நாடும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தால் பலன் என்ன? நகரத்தில் எத்தனை அறிவியலாளர்களை வேண்டுமானாலும், எத்தனை கலைஞர்களை வேண்டுமானாலும், எத்தனை வணிகர்களை வேண்டுமானாலும் அமர்த்தலாம், உச்சவரம்பு கிடையாது.

எங்கள் படிப்பு வட்டத்தில் இதைத் திரையில் காட்டியபோது முதலில் சிரிப்புதான் வந்தது. நாங்கள் வாரம் ஒருமுறை கூடுகிறவர்கள். கல்லூரி மாணவர்கள், களப்பணியில் இருக்கும் எங்களைப் போன்ற சிலர். அன்று முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, சாதி இருந்தா யாரு வேணா விஞ்ஞானி ஆகலாமா?" அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிறப்பால் பிரித்து மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். விளையாட்டை வடிவமைத்தவர்கள் முதலாவதைப் பார்த்தார்கள், இரண்டாவதின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள்.

அவர்கள் நம்மீது வெறுப்பு கொண்டு இதைச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வெறுப்பே தேவையில்லை என்பதுதான் விஷயம். ஒரு நாட்டைப் பற்றி வெளியே பரவியிருக்கும் கதையை எடுத்துக்கொண்டால் போதும், அந்தக் கதையைச் சொன்னவர்கள் யாரோ அவர்களுடைய பார்வையும் கூடவே வந்துவிடும். 1991-ல் தொடங்கிய இந்த விளையாட்டு வரிசையின் முதல் ஆறு பதிப்புகளிலும் இந்தியாவின் தலைவர்களில் காந்தி இருக்கிறார். அவர் அணுகுண்டு வீசுவார் என்ற நகைச்சுவை உலகமெங்கும் பிரபலம். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நிரல் பிழை அப்படி எதுவும் இருக்கவில்லை என்று சிட் மெயர் 2020-ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் எழுத வேண்டியிருந்தது. ஒரு கற்பனைப் பிழையைப் பற்றி இவ்வளவு பேசிய உலகம், 1932-ல் புனேயில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியாவின் முகம் யார் என்ற கேள்வி இந்தியாவுக்குள்ளேயே தீராத வழக்கு என்பது அந்தத் திரைக்குத் தெரியாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. அதே நான்காம் பதிப்புக்கு 2007-ல் வந்த விரிவாக்கத்தில் 'பூர்வகுடி அமெரிக்கர்' என்று ஒரே ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். தலைவர் சிட்டிங் புல், லகோட்டா மக்களைச் சேர்ந்தவர். சிறப்பு யூனிட்டான 'டாக் சோல்ஜர்' செயென் மக்களின் போர்க்குழு. சிறப்புக் கட்டடமான குலமரபுத் தூண் பசிபிக் கரையோர மக்களுடையது. ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் வெவ்வேறு மொழி பேசி வாழ்ந்தவர்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கியிருந்தார்கள். 'எஸ்.சி. பசங்க' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பையின் உட்புறம் பழக்கமானது.

ஆனால் அந்த மக்கள் பேசினார்கள். பேசியதால் சில விஷயங்கள் மாறின. ஐந்தாம் பதிப்பில் பியூப்லோ மக்களைச் சேர்க்க விரும்பினார்கள். 1680-ல் ஸ்பானியருக்கு எதிரான எழுச்சியை நடத்திய போபேதான் தலைவர் என்று திட்டம். பியூப்லோ தலைவர்களின் அவை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் முன்னோரை இப்படி உருவகப்படுத்துவது முறையல்ல என்றது. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டு ஷோஷோனி மக்களைச் சேர்த்தது. 2018-ல் ஆறாம் பதிப்பில் கிரீ மக்களும் அவர்களுடைய தலைவர் பவுண்ட்மேக்கரும் வந்தபோது, அவர் பெயரையே தாங்கிய கிரீ சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான மில்ட்டன் டூட்டூசிஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறர் நிலத்தைப் பிடிப்பதுதான் வெற்றி என்ற குடியேற்றக்காரர்களின் மதிப்பீட்டை எங்கள் மக்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தப் பவுண்ட்மேக்கரை கனடா 1885-ல் துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்திருந்தது. அவர் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது 2019-ல்தான். ஏழாம் பதிப்புக்கு டெகம்சேவையும் ஷானி மக்களையும் கொண்டுவந்தபோது, நிறுவனம் ஷானி மக்களின் நிர்வாகத்தோடு சேர்ந்தே வேலை செய்தது. அவர்கள் மொழியை மீட்கும் பணிக்கும் துணை நின்றது.

2007-க்கும் இதற்கும் நடுவில் நடந்தது என்ன? அந்த மக்களே வாய்திறந்து 'எங்களைக் கேட்டீர்களா' என்றார்கள்.

2025-ல் வந்த அந்த ஏழாம் பதிப்பில் சோழர்களும் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. தமிழ்ப் பெயரைத் திரையில் பார்க்கும் மகிழ்ச்சியை நாங்கள் கெடுக்கவில்லை. கப்பலும் கடல் வணிகமும் நடந்தவைதான். கூடவே ஒன்றை மட்டும் சொன்னோம். முதலாம் ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்குக் காட்டும் இடத்தில் ஊர்நத்தம் தனியாக வருகிறது. பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியாக வருகின்றன. கப்பல் எவ்வளவு உண்மையோ, சேரியும் அவ்வளவு உண்மை. முதலாவது சிறப்பு யூனிட் ஆகிறது. இரண்டாவது விளையாட்டுக்குள் வருவதே இல்லை.

பிறகு ஒரு பயிற்சி செய்தோம். குழு குழுவாகப் பிரிந்து, நாமே ஒரு நாகரிகத்தை வடிவமைக்க வேண்டும். தலைவர் யார், சிறப்பு யூனிட் எது, அதன் ஆற்றல் என்ன என்று தாளில் எழுத வேண்டும். ஒரு குழு பீமா கோரேகாவ் மகர் வீரனை எழுதியது. இன்னொரு குழு நீர்க்கட்டியை எழுதியது. ஏரி மடையைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் நம் மக்கள்தான். அவர் நிற்கும் கட்டத்தைச் சுற்றியுள்ள வயல்களில் விளைச்சல் கூடும் என்று ஆற்றலும் எழுதியிருந்தார்கள்.

உடனே சண்டை. "எங்க தாத்தா நீர்க்கட்டி. ஊருக்கே தண்ணி பாய்ச்சினாரு, எங்களுக்குனு ஒரு காணி கெடையாது. அதைப் போய் சிறப்புன்னு எழுதுறீங்களே" என்றான் ஒரு தம்பி. எழுதிய குழுவும் விடவில்லை: "அப்போ அந்த அறிவையும் சேர்த்து மறைச்சிடலாமா?" ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அந்தத் தாளில் ஒரு வரி கூடுதலாக எழுதப்பட்டது: நீர்க்கட்டி திருத்தும் வயலில் ஒரு பங்கு நிலம் அவருக்கே சேர வேண்டும். அந்தத் தம்பி அதற்குப் பிறகுதான் தாளைக் கையில் வாங்கினான். வேகமான வேலையாளுக்கும் நீர்க்கட்டிக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரிதான்.

தலைவர் விஷயத்தில் இன்றுவரை முடிவாகவில்லை. ஏழாம் பதிப்பில் ஹாரியட் டப்மன் ஒரு தலைவராக இருக்கிறார். அடிமையாகப் பிறந்து, 1849-ல் தப்பித்து, திரும்பத் திரும்ப உள்ளே போய் சுமார் 70 பேரை மீட்டுவந்த பெண். 1863-ல் கம்பாகீ ஆற்றுத் தாக்குதலை வழிநடத்தி எழுநூறுக்கும் மேற்பட்டோரை விடுவித்தவர். அவர் எந்த நாட்டையும் ஆளவில்லை. தலைவராக இருக்க அரியணை தேவையில்லை என்று விளையாட்டே ஒப்புக்கொண்டுவிட்டது. அவருடைய ஆற்றல்களும் அவர் வாழ்விலிருந்தே வந்தவை: உளவு எளிதாகும், அடர்ந்த காட்டில் அவருடைய ஆட்கள் தடையின்றி நடப்பார்கள். எனவே, அம்பேத்கர் ஏன் வரக்கூடாது என்று பாதிப்பேர் கேட்டார்கள். 1927-ல் மகாடு குளத்தில் நடந்ததையே அவருடைய ஆற்றலாக வைக்கலாம், எல்லையின் எந்தப் பக்கம் இருக்கும் நீரையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்றார்கள். மீதிப்பேர் மறுத்தார்கள். யாரோ ஒருவர் சுட்டியை அழுத்தியதும் அண்ணல் பக்கத்து ஊரைக் கொளுத்தக் கிளம்புவாரா என்று கேட்டார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் நிலைப்பாடு இது: அவர் வர வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் நாம் இருக்க வேண்டும். ஷானி மக்களைப் போல 'இப்படி வா' என்று சொல்லவும், பியூப்லோ மக்களைப் போல 'வேண்டாம்' என்று சொல்லவும் நமக்கு உரிமை வேண்டும். பாடநூல் குழுவுக்கும், அருங்காட்சியகத்துக்கும், சினிமாவுக்கும் நாம் கேட்பது இதைத்தான். விளையாட்டு மட்டும் விதிவிலக்கு அல்ல.

இந்த விளையாட்டுகள் பலவற்றில் விளையாடுகிறவர்களே கோப்புகளைத் திருத்திப் புதிய நாகரிகம் சேர்க்கலாம். எங்கள் வட்டத்தில் இரண்டு மாணவர்கள் அதைக் கற்றுவருகிறார்கள். முதல் வேலையாக, சாதி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அறிவியலாளர் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று எழுதப் போகிறார்கள். எவ்வளவு குறைய வேண்டும் என்பதில் இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. நிரல் எழுதத் தெரிந்த தோழர்கள் யாராவது இருந்தால் வந்து சேருங்கள்.