டப்ளின் நகரத்துப் புகையில்லா மாலை

அயர்லாந்தின் தலைநகரமான டப்ளினில் தெருவுக்குத் தெரு ‘பப்’கள் இருக்கின்றன. “ஐயையோ, சாராயக் கடையா?” என்று முகத்தைச் சுளித்துவிடாதீர்கள். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான் பப். மது விற்கும் இடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆண்கள் மட்டும் ஒதுங்கும் இடமல்ல. மத்தியான வேளையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட வரும் பாட்டிமார்கள், டீ குடித்தபடி ஊர் வம்பு பேசும் சிநேகிதிகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார்கள் எல்லோரையும் அங்கே பார்க்கலாம். பெற்றோர் கூட இருந்தால் குழந்தைகள் இரவு 9 மணி வரை (கோடையில் 10 மணி வரை) உள்ளே இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

மகள் வீட்டில் தங்கியிருந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் மாப்பிள்ளை கிளப்பினார். பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். “பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயா?” என்று தயங்கினேன். “ஒரு தடவை வந்து பாருங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க” என்று சிரித்தார் அவர்.

லிஃபி நதி ஊருக்கு நடுவே ஓடுகிறது. கரையோரமாகவே நடந்து போனோம். ஸ்வெட்டர், கோட்டு, காதை மூடும் தொப்பி எல்லாவற்றையும் தாண்டிக் குளிர் எலும்பைத் தொட்டது. நாங்கள் போன பப்புக்கு ‘பிரேசன் ஹெட்’ என்று பெயர். கோட்டைச் சுவர் மாதிரி முகப்பு. 1198-ஆம் வருஷத்திலிருந்து இருப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் திறந்த முற்றம். நாலைந்து பேர் சிகரெட்டும் கையுமாகக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“வெளியில் நிற்கிறவங்களுக்குள்ளே சிநேகம் உண்டாகி, கல்யாணம் வரைக்கும்கூடப் போகுமாம் அம்மா! அதுக்கே தனியா ‘ஸ்மர்ட்டிங்’னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க” என்றாள் மகள்.

கதவைத் தாண்டி உள்ளே போனால் வேறு உலகம்! தாழ்வான கூரை, பழைய மர பெஞ்சுகள், கதகதப்பு. மூக்கில் ஏறியது காய்கறி சூப்பின் வாசனை மட்டும்தான். சைவக்காரியான எனக்குச் சூடான சூப்பும், கோதுமை மாவும் சோடா உப்பும் மோரும் சேர்த்துச் சுட்ட பழுப்பு ரொட்டியும் கிடைத்தன. கூடவே தாராளமாக வெண்ணெய். சற்று நேரத்தில் ஒரு மூலையில் பிடிலும் தகரக் குழலும் சேர்ந்துகொண்டன. நம் கஞ்சிராவுக்கு அண்ணன் மாதிரி ‘பௌரான்’ என்று ஒரு வாத்தியம் வைத்திருக்கிறார்கள். ஆட்டுத் தோல் கட்டிய அதைச் சின்னக் குச்சியால் தட்டி வாசிக்கிறார்கள். பேத்தி கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு, அப்படியே தூங்கிப் போனாள். இருமல், கண் எரிச்சல் எதுவும் இல்லை.

பரிமாறிய பெண் சொன்னது

எங்களுக்குப் பரிமாறிய பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தூங்கும் குழந்தையைப் பார்த்ததும் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். முன்பெல்லாம் வேறொரு பப்பில் வேலையாம். “அப்போ இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரியாது. அவ்வளவு புகை! வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிச்சு, துணியை மாத்தின பிறகுதான் என் பிள்ளையைத் தொடுவேன். நான் ஒரு நாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் இருமல்” என்றார்.

“வேறு வேலைக்குப் போயிருக்கலாமே?” என்றேன்.

“போயிருக்கலாம். அந்த மாசத்து வாடகையை யார் கொடுப்பாங்க?” என்றார் பளிச்சென்று. எனக்குச் சுருக்கென்றது. சாப்பிட வருகிறவர்களுக்குப் புகை பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம். தட்டு ஏந்தி நிற்பவள் எங்கே போவாள்?

சட்டம் வந்த விதம்

இந்தக் கேள்வியைத்தான் அந்த நாட்டு அரசாங்கமும் கேட்டது. 2003 ஜனவரியில் அப்போதைய சுகாதார மந்திரி மீஹோல் மார்ட்டின் தடையை அறிவித்தார். கடைக்காரர்கள் கொதித்தார்கள். வியாபாரம் படுத்துவிடும், ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்றெல்லாம் பேச்சு. ஆனாலும் 2004 மார்ச் 29 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. பப், ஹோட்டல், ஆபீஸ், தொழிற்சாலை என்று கூரைக்குக் கீழே வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் புகைக்குத் தடை. நாடு முழுவதும் இப்படித் தடை போட்டதில் உலகத்திலேயே அயர்லாந்துதான் முதல். மீறினால் அப்போது 3,000 யூரோ வரை அபராதம். மேஜை மேலிருந்த ஆஷ்ட்ரேக்கள் ஒரே நாளில் மறைந்தன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிகரெட் பிடிப்பதையே அவர்கள் தடுக்கவில்லை. “வெளியில் போய்ப் பிடித்துக்கொள்” என்றார்கள், அவ்வளவுதான். பிடிக்கிறவரைத் தண்டிப்பதை விட, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

பலன் இருந்ததா? இருந்தது! புகையிலையில் உள்ள நிக்கோடின் நம் உடம்புக்குள் போனதும் ‘கோட்டினின்’ என்ற பொருளாக மாறுகிறது. எச்சிலைச் சோதித்தால் அதன் அளவு தெரிந்துவிடும். புகை பிடிக்காத பப் ஊழியர்களைத் தடைக்கு முன்பும், ஒரு வருஷம் கழித்தும் சோதித்தார்கள். கோட்டினின் 80 சதவிகிதம் குறைந்திருந்தது. அதே தீவின் வட பகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. அங்கே தடை வந்தது 2007-ல்தான். அந்தப் பக்கத்து ஊழியர்களுக்கு அதே காலத்தில் 20 சதவிகிதம்தான் குறைந்தது. இந்த முடிவுகள் 2005-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயின.

அப்படியானால் வீட்டில்?

“பப்பில் தடை போட்டால் ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து அதிகமாகப் பிடிப்பார்களே” என்ற பயமும் அப்போது இருந்தது. அப்படி நடக்கவில்லை. வெளியில் போய்ப் பிடித்துப் பழகியவர்கள் பலர் வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார்கள். பிறகு 2016 ஜனவரி 1 முதல், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கும் காரில் சிகரெட் பிடிப்பதும் அங்கே குற்றமாகிவிட்டது.

நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடை இருக்கிறது. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய ஹோட்டல்கள் புகைக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. அயர்லாந்துப் பப்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த அறைக்குள்ளும் காபி கொண்டுபோக ஒருவர் வேண்டுமே!

எந்தச் சட்டமும் நம் வீட்டு ஹாலுக்குள் வராது. அங்கே எழுந்து போக முடியாதவர்கள் நாமும் நம் குழந்தைகளும்தான். ஜப்பானிய டாக்டர் தகேஷி ஹிராயாமா, தாங்கள் புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களை 14 வருஷம் கவனித்து 1981-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகமாகப் பிடித்தாரோ, அவ்வளவு அதிகமாக மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கோ மூச்சிரைப்பு, காதில் சீழ், மார்ச்சளி என்று தொல்லைகள். கர்ப்பிணி சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

“ஜன்னல் திறந்திருக்கே, ஃபேன் ஓடுதே” என்பார்கள். அது போதாது. ஃபேன் புகையைப் பக்கத்து அறைக்கும் பரப்பும். ஆகவே சகோதரிகளே, சண்டை வேண்டாம். டப்ளின்காரர்கள் செய்ததையே நாமும் செய்யலாம்.

- வீட்டுக்குள் யாரும், விருந்தாளி உட்பட, புகை பிடிப்பதில்லை என்று ஒரே விதி. “வெளியில் போய் வாங்க” என்று சிரித்த முகமாகவே சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூச்சமானால், பெரியவர்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.
- வெளியில் என்றால் வாசல்படி அல்ல. புகை உள்ளே வராத தூரம்.
- பிடித்துவிட்டு வந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும்.
- கார் கண்ணாடியை இறக்கினாலும் உள்ளே புகை கூடாது.
- “விட்டுவிடலாம்னு பார்க்கிறேன்” என்று அவரே சொல்லும் நாளில், கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-11-2356-ஐ எடுத்துக் கொடுங்கள்.

முதல் வேலையாக ஹால் மேஜை மேல் இருக்கும் ஆஷ்ட்ரேயை எடுத்துவிடுங்கள். அது அங்கே இருக்கும் வரை, வருகிறவர்களை “பிடியுங்கள்” என்று நாமே உபசரிக்கிற மாதிரிதான்.